டியாப்லோஸ் ரோஹோஸ்: பணத்தால் வென்ற அணியா?

#1 | சுண்டல் பொட்டலம்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்க பேஸ்பால் கொஞ்ச நாளாகப் பார்க்கிறேன். மெக்சிகோ பக்கம் எட்டிப் பார்க்க வைத்தது அமெரிக்கப் பந்துவீச்சாளர் ட்ரெவர் பாவர்தான். 2024-இல் அவர் மெக்சிகோ நகரத்தின் டியாப்லோஸ் ரோஹோஸ் அணிக்குப் பந்து போட்டு 10 வெற்றி, 0 தோல்வி என்று முடித்தார். அந்த ஆண்டு கோப்பையும் அவர்களுக்கே. 2025-இல் மறுபடியும் அவர்களே. மொத்தம் 18 கோப்பைகள். மெக்சிகன் லீக்கில் வேறு யாரும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்த மாதிரி தெரியவில்லை.

அலுவலகத்தில் ஒரு நண்பர், "அது மெக்சிகோவின் யாங்கீஸ் (நியூயார்க்கின் பணக்கார அணி), காசு இருக்கு, வாங்குறான், ஜெயிக்கிறான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனால் கோப்பை வென்ற ஆண்டுகளைப் பார்த்தால் எனக்கு இடிக்கிறது. அணி தொடங்கியது 1940, முதல் கோப்பை 1956. தலைநகரத்து அணி, காசுள்ள அணி என்றால் 16 வருடம் ஏன் காத்திருந்தார்கள்? 2014-க்கும் 2024-க்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் இருந்ததும் புரியவில்லை. வரலாறு தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 | நர்வார்த்தேக்காரன்

நல்ல கேள்வி. வேலைக்காக மெக்சிகோ நகரத்துக்கு வந்தவன் நான். குடியிருக்கும் நர்வார்த்தே பகுதியில்தான் இவர்களின் பழைய மைதானம் இருந்தது. அதனால் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்பது சுலபம். முதல் 16 வருடத்துக்கு விடை ஒரே பெயர்: ஹோர்ஹே பாஸ்கேல்.

முதலில் லீக். 1925-இல் இதைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அலெஹாந்த்ரோ அகிலார் ரெயெஸ், விளையாட்டுப் பத்திரிகையாளர், "ஃப்ராய் நானோ" என்ற புனைபெயரில் எழுதியவர். இன்னொருவர் எர்னெஸ்டோ கார்மோனா. இதே கார்மோனாதான் 1940-இல் சல்வடோர் காஸ்ட்ரோவுடன் சேர்ந்து மெக்சிகோ ரோஹோஸ் என்ற அணியை ஆரம்பித்தார். சட்டை சிவப்பு என்பதால் அந்தப் பெயர். "டியாப்லோஸ்", அதாவது பேய்கள், கொஞ்சம் பிறகு ஒட்டிக்கொண்டது. நாற்பதுகளின் தொடக்கத்தில் மான்டெரே அணிக்கு எதிராகத் தோற்கப் போன ஆட்டத்தை இவர்கள் வெறிபிடித்த மாதிரி ஆடிப் பிடுங்கியதில் வந்த பெயர் என்பார்கள்.

அதே 1940-இல் பாஸ்கேல் உள்ளே வருகிறார். வெராக்ரூஸ் துறைமுகத்தில் சுங்கத் தரகுத் தொழில் செய்து பெரும் பணம் சேர்த்த குடும்பம். பின்னாளில் குடியரசுத் தலைவரான மிகேல் அலெமானுக்கு நெருங்கிய நண்பர். அவருடைய அணியின் பெயர் வெராக்ரூஸ் அசூலெஸ், அதாவது நீலம். பெயரில்தான் வெராக்ரூஸ், ஆடியதெல்லாம் மெக்சிகோ நகரத்தில், டெல்டா மைதானத்தில், ரோஹோஸ் ஆடிய அதே மைதானத்தில். ஒரே ஊர், ஒரே மைதானம், சிவப்பும் நீலமும். காசு முழுக்க நீலத்தின் பக்கம்.

அந்தக் காசு யாரைக் கொண்டுவந்தது என்று பாருங்கள். 1940-இல் கூல் பாப்பா பெல்: சராசரி .437, ஹோம் ரன்னிலும் ரன் சேர்ப்பிலும் முதலிடம், மூன்று மகுடமும் அவருக்கே. 1941-இல் ஜோஷ் கிப்சன்: 33 ஹோம் ரன், 124 ரன் சேர்ப்பு. அந்த இரண்டு வருடமும் கோப்பை நீலத்துக்கு. 1944-இலும். அமெரிக்காவில் நிறத்தைக் காரணம் காட்டிப் பெரிய லீக்கின் கதவைச் சாத்தி வைத்திருந்த காலத்தில், உலகத்தின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன்களில் இரண்டு பேர் இந்த ஊரில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் உங்கள் நண்பரின் "காசு இருக்கு" வாதத்தை 1940-களுக்குப் பொருத்தினால் தலைகீழாகும். அப்போது காசில்லாத அணி டியாப்லோஸ்தான்.

#3 | பழைய ஸ்கோர்கார்டு

நீலத்தைப் பற்றியே பேசிவிட்டீர்கள் அண்ணா. சிவப்புச் சட்டையிலும் ஒருவர் இருந்தார், அவரை விட்டுவிடக் கூடாது.

பர்னிஸ் ரைட், எல்லோரும் பில் ரைட் என்பார்கள். நீக்ரோ லீக்கிலிருந்து, அதாவது அமெரிக்காவில் கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய லீக்கிலிருந்து, வந்த அவுட்ஃபீல்டர். பெரிய உடம்பு, ஆனால் ஓட்டம் மின்னல். 1943-இல் ரோஹோஸ் அணிக்காக மூன்று மகுடமும் வாங்கினார். சராசரி .366. அந்த வருடம் லீக்கில் எதிரணிகளில் இருந்தவர்கள் யார் என்று யோசித்துவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். மான்டெரேவில் ராய் கேம்பனெல்லா, இருபது வயதைத் தாண்டியவுடன், கேட்சராக நின்றுகொண்டிருந்தார்.

ரைட் ஓய்வு பெற்ற பிறகும் அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. அகுவாஸ்காலியெந்தெஸ் நகரத்தில் உணவகம் நடத்தி, 1996-இல் இறக்கும் வரை மெக்சிகோவிலேயே வாழ்ந்தார். ஊர்க்காரன் மாதிரி நடத்தினார்கள், தங்கிவிட்டார். சம்பளம் மட்டும்தான் அந்த ஆட்டக்காரர்களை இங்கே இழுத்தது என்று எழுதுபவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். எந்த ஓட்டலிலும் தங்கலாம், எந்தக் கடையிலும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதும் அவர்களுக்குக் கூலிதான்.

#4 | ஹூஸ்டன் ஹரி

பாஸ்கேல் என்றால் 1946-ஐச் சொல்லாமல் எப்படி? அந்த வருடம் அவர் அமெரிக்கப் பெரிய லீக்கின் வீரர்களையே நேரடியாகப் பேசி இழுத்தார். கார்டினல்ஸிலிருந்து மேக்ஸ் லேனியர், டாட்ஜர்ஸ் கேட்சர் மிக்கி ஓவன், ஜயன்ட்ஸிலிருந்து சால் மேக்லியும் டேனி கார்டெல்லாவும், இன்னும் பலர். வெர்ன் ஸ்டீஃபன்ஸ் வந்த வேகத்தில் சில நாளிலேயே திரும்பி ஓடிவிட்டார். பேப் ரூத்தைக்கூட விருந்தாளியாக வரவழைத்தார்.

நம்மவர்களுக்குப் புரியும்படி என்றால், ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் 1977-இல் கிரிக்கெட்டில் செய்ததை இவர் 31 வருடம் முன்பே பேஸ்பாலில் செய்து பார்த்தார். அமெரிக்க கமிஷனர் ஹேப்பி சாண்ட்லர் போனவர்களுக்கெல்லாம் ஐந்து வருடத் தடை விதித்தார். கார்டெல்லா வழக்குப் போட்டார். 1949-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் வழக்கை விசாரிக்கலாம் என்றதும் லீக் பயந்து, தடையை நீக்கியது. வீரரை ஒரே கிளப்புக்குக் காலம் முழுக்கக் கட்டிப்போடும் ஒப்பந்த முறைக்கு அப்போதே ஒரு விரிசல் விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால் 1946 கோப்பை பாஸ்கேலுக்குக் கிடைக்கவில்லை. டாம்பிகோ வாங்கிப் போனது. காசு கொட்டினால் கோப்பை வராது என்பதற்கு இதுவே சாட்சி என்று யாராவது வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ஒரு வருடம் வராது. இருபது வருடக் கணக்குப் பார்த்தால் வரும். டியாப்லோஸ் விஷயத்தில் என் வாதம் அதுதான், பின்னால் வருகிறேன்.

#5 | நர்வார்த்தேக்காரன்

பேக்கர் ஒப்பீடு பாதிதான் பொருந்தும் ஹரி. பேக்கருக்குத் தொலைக்காட்சி உரிமை வேண்டியிருந்தது, கிடைத்ததும் சமாதானம் ஆகிவிட்டார். பாஸ்கேலுக்குத் திரும்பி வரும் பணம் எதுவும் கிடையாது. வீரர்களின் சம்பளத்தைக் கட்டும் அளவுக்கு மெக்சிகோவின் மைதானங்களில் இருக்கையே இல்லை. டெல்டா மரப்பலகை அடித்த மைதானம். எத்தனை பேர் வந்தாலும் கணக்கு இடித்திருக்கும்.

நஷ்டம் ஏறியது, அவரும் ஒதுங்கினார். நீல அணி 1951-இல் கடைசிக் கோப்பையை வாங்கிவிட்டு மறைந்தது. அப்புறம் 1955 வருகிறது. அந்த ஒரே வருடத்தில் என்னென்ன நடந்தது பாருங்கள்: மார்ச் மாதம் பாஸ்கேல் விமான விபத்தில் இறந்தார். டெல்டா இருந்த அதே இடத்தில் அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் கட்டிய புதிய மைதானம் திறந்தது. சுமார் 25,000 பேர் உட்காரலாம், பெயர் செகுரோ சோசியால். மெக்சிகன் லீக் அமெரிக்காவின் அமைப்புக்குள் டபுள்-ஏ நிலையில் (பெரிய லீக்குக்குக் கீழே உள்ள ஒரு படி) சேர்ந்தது, அதாவது பாஸ்கேல் சண்டை போட்ட அதே அமைப்புக்குள். தலைநகரத்துக்கு இன்னொரு அணியும் பிறந்தது: தீக்ரெஸ்.

அடுத்த வருடம் டியாப்லோஸுக்கு முதல் கோப்பை. மேனேஜர் லாசரோ சலசார், கியூபாக்காரர். மான்டெரேவுக்கு 1947, 48, 49 என்று மூன்று வருடம் தொடர்ந்து வாங்கிக் கொடுத்தவர். பாவம், 1957 ஏப்ரலில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கவாதம் வந்து இறந்துபோனார்.

#6 | கான்கூன் மலர்

தீக்ரெஸ் பெயரை ஒரு வரியில் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நான் அந்தப் பக்கத்து ஆள்.

அலெஹோ பெரால்டா என்ற தொழிலதிபர் 1955-இல் தொடங்கினார். முதல் வருடமே கோப்பை. "பிறக்கும்போதே சாம்பியன்" என்பது இன்றைக்கும் எங்கள் அடையாளம். உங்கள் சிவப்புக்காரர்கள் 16 வருடம் எடுத்ததை நாங்கள் ஒரே சீசனில் முடித்தோம். அப்புறம் அறுபதுகளில் வெளிநாட்டு வீரர்களை நம்பாமல் முழுக்க மெக்சிகோ வீரர்களை வைத்து 1965, 66 இரண்டு கோப்பை.

இரண்டு அணியும் ஒரே மைதானத்தைப் பகிர்ந்துகொண்டன. அதனால் இவர்கள் மோதும் ஆட்டத்துக்கு உள்நாட்டுப் போர் என்றே பெயர். 1999 முதல் 2003 வரை ஐந்து இறுதித் தொடரும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான். 2000, 2001 எங்களுக்கு. அதற்கு முன் 1997-உம்.

#7 | பழைய ஸ்கோர்கார்டு

மலர் அக்கா, 1999, 2002, 2003 யாருக்கு என்று எழுத மறந்துவிட்டீர்கள். ஐந்தில் மூன்று சிவப்பு. 2002-இல் நீங்கள் தலைநகரத்தை விட்டே பெட்டியைக் கட்டி பூஎப்லாவுக்குப் போய்விட்டீர்கள். 2007-இல் அங்கிருந்து கான்கூன்.

#8 | கான்கூன் மலர்

போனோம்தான். ஆனால் எதனால் என்று கேளுங்கள். 2000-இல் செகுரோ சோசியாலை மூடி இடித்தார்கள். இரண்டு அணியையும் ஃபோரோ சோலுக்கு அனுப்பினார்கள். அது கார் பந்தயப் பாதைக்குள் இருக்கும் கச்சேரி மைதானம். பேஸ்பாலுக்காகக் கட்டியது கிடையாது, இருக்கைகள் ஒருபக்கம் மலை மாதிரி, மறுபக்கம் வெட்டவெளி. பெரிய கச்சேரி வந்தால் பந்தாட்டம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் ஒரு ஊரில் இரண்டு அணி பிழைக்காது. ஒருவர் போக வேண்டும், நாங்கள் போனோம்.

போனதில் எனக்கு வருத்தம் இல்லை, கான்கூனில் எங்களுக்கென்று ஒரு ஊரே கிடைத்தது. ஆனால் மெக்சிகோ நகரத்து பேஸ்பாலுக்கு அது இழப்பு. எதிரி இல்லாத டியாப்லோஸ் பாதி டியாப்லோஸ்.

#9 | சுண்டல் பொட்டலம்

அருமையாகப் போகிறது. எழுபது எண்பதுகளைத் தாண்டிவிட்டீர்களே? பட்டியலில் அதிகக் கோப்பை அங்கேதான்: 73, 74, 76, 81, 85, 87, 88.

#10 | பழைய ஸ்கோர்கார்டு

அதற்கு முன் 64-உம் 68-உம் இருக்கின்றன. நடுவில் 1967-இல் லீக் ட்ரிபிள்-ஏ நிலைக்கு ஏறியது. அந்தக் காலத்து சென்டர் ஃபீல்டர் ரமோன் மொன்டோயா, பட்டப்பெயரே "டியாப்லோ". அணியின் பெயர் ஒருவருக்குப் பட்டப்பெயராக ஒட்டுவது சும்மா நடக்காது.

எழுபது எண்பதுகள் என்றால் பென்ஹமின் ரெயெஸ், "கனனேயா". சொனோரா மாநிலத்துக்காரர். நீங்கள் போட்ட பட்டியலில் பெரும்பாலான கோப்பைகள் அவர் மேனேஜராக இருந்தபோது வந்தவை. நடுவில் 1981-இல் சியாட்டில் மரினர்ஸில் பயிற்சியாளராகவும் இருந்தார். 1991-இல், ஐம்பது வயது தாண்டியவுடனே காலமானார்.

அவர் கையில் வளர்ந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் நெல்சன் பரேரா. மூன்றாம் பேஸ், கனமான கை. எக்டர் எஸ்பினோவின் 453 ஹோம் ரன் சாதனையை யாரும் தொட முடியாது என்றிருந்தார்கள். 2001-இல் பரேரா அதைத் தாண்டி 455-இல் நின்றார். ஆனால் அப்போது அவர் வாஹாகா அணியில். அடுத்த வருடம் ஜூலையில் வீட்டு வேலையின்போது கையில் இருந்த தகடு மின்கம்பியில் பட்டு இறந்துபோனார்.

#11 | ஹூஸ்டன் ஹரி

1981 கோப்பையைப் பட்டியலில் மற்றதோடு ஒன்றாகப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1980-இல் என்ன நடந்தது என்று யாரும் எழுதவில்லை.

அந்த வருட நடுவில் வீரர்கள் சங்கம் அமைத்தார்கள், பெயர் அனாபே. வேலைநிறுத்தம். சீசன் நின்றது. கிளப் முதலாளிகள் இறங்கி வரவே இல்லை, அதில் மிகக் கடுமையாக நின்றவர்களில் மலரின் தீக்ரெஸ் முதலாளி பெரால்டாவும் ஒருவர். வேலைநிறுத்தம் செய்தவர்களில் பலரைத் திரும்ப எடுக்கவில்லை. அவர்கள் தனியாக ஒரு லீக் நடத்திப் பார்த்தார்கள், சில வருடம் ஓடி நின்றது. நல்ல வயதில் இருந்த எத்தனையோ பேருக்கு ஆட்டவாழ்க்கை அங்கேயே முடிந்தது.

ஆகவே 1981-இல் ஆடியது பாதி லீக். அதில் வாங்கிய கோப்பைக்கும் 1976-க்கும் ஒரே எடை போட முடியாது.

#12 | கான்கூன் மலர்

பெரால்டா விஷயத்தில் ஹரி சொல்வது சரி. அவர் அணியைக் கட்டினார், சங்கத்தை உடைத்தார். இரண்டும் அவர் செய்ததுதான். எங்கள் ரசிகர்கள் முதலாவதை மட்டும் பேசுவார்கள்.

#13 | நர்வார்த்தேக்காரன்

1981 பற்றி இங்கே பெரியவர்களிடமும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் எடை குறைக்க வேண்டும் என்றால் அந்த வருடம் ஆடிய எல்லா அணிக்கும் குறைக்க வேண்டும். களத்தில் இருந்தவர்களை வென்றார்கள், அவ்வளவுதான். சங்கத்துக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

1985 பற்றி ஒன்று. அந்த வருடமும் கோப்பை டியாப்லோஸுக்குத்தான். ஆனால் எங்கள் பகுதியில் யாரிடம் அந்த வருடத்து மைதானத்தைப் பற்றிக் கேட்டாலும் கோப்பையைச் சொல்ல மாட்டார்கள். செப்டம்பர் 19 நிலநடுக்கத்துக்குப் பிறகு பிணவறைகளில் இடம் இல்லாமல், உடல்களை செகுரோ சோசியால் மைதானத்துக்குக் கொண்டுவந்து வரிசையாகக் கிடத்தினார்கள். ஐஸ் கட்டிகளைப் பரப்பி வைத்திருந்தார்களாம். காணாமல்போன உறவினரைத் தேடி ஜனங்கள் வரிசையில் நின்று உள்ளே வந்து பார்த்துப் போனார்கள். அடுத்த சீசனில் அதே புல்லில் மறுபடியும் ஆட்டம் நடந்தது. 2000-இல் இடித்தபோது வெறும் விளையாட்டு மைதானம் போகிறது என்று இந்தப் பகுதிக்காரர்கள் நினைக்கவில்லை.

இப்போது அங்கே ஒரு பெரிய வணிக வளாகம். பெயர் மட்டும் பழைய மைதானத்துடையது: பார்க்கே டெல்டா. நான் மளிகை வாங்குவதே அங்கேதான்.

#14 | ஹூஸ்டன் ஹரி

சரி, இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். 1994-இல் அணியை வாங்கியவர் அல்ஃப்ரெடோ ஹார்ப் ஹெலூ. பனாமெக்ஸ் வங்கியின் முதலாளிகளில் ஒருவர், நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அதே வருடம் அவரைக் கடத்தி மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள் என்பது தனிக்கதை. அவருக்கு வாஹாகா அணியும் சொந்தம், 1996-இல் அவர் தொடங்கியது. சான் டியேகோ பாட்ரெஸிலும் பங்கு வைத்திருக்கிறார்.

ஒரே லீக்கில் ஒருவருக்கு இரண்டு அணி! வேறு எந்த ஊரில் இதை ஒப்புக்கொள்வார்கள்? வாஹாகாவில் பெரிய பயிற்சிப் பள்ளி. அதில் வளர்ந்த பையன்களை அமெரிக்க அணிகளுக்கு விற்பது இன்னொரு வருமானம். ரொபெர்ட்டோ ஒசுனா 16 வயதில் டியாப்லோஸுக்கு ஆடிவிட்டு டொரன்டோவுக்குப் போனார். ஹூலியோ உரியாஸை 2012-இல் டாட்ஜர்ஸ் வாங்கியது இவர்களிடமிருந்துதான், அன்றைக்குப் பையனுக்கு 16-ஆவது பிறந்தநாள். அந்தக் காலத்து முறைப்படி, அமெரிக்க அணி கொடுக்கும் தொகையில் பெரும்பகுதி கிளப்புக்குப் போகும், பையனுக்குக் கொஞ்சம்தான். 2018-இல் எம்.எல்.பி. (அமெரிக்கப் பெரிய லீக்) இந்த லீக்கிடமிருந்து வீரர்களை வாங்குவதையே நிறுத்தி வைத்தது, பிறகு 2019-இல் புது ஒப்பந்தம் போட்டார்கள்.

1994-க்குப் பின் 99, 2002, 03, 08, 14, 24, 25. இதைப் பணம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

#15 | நர்வார்த்தேக்காரன்

1994-க்கு முந்தைய 54 வருடத்தில் 10 கோப்பை. 94-ஐயும் சேர்த்து 2025 வரை 32 வருடத்தில் 8. கொஞ்சம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இவர் வந்துதான் வெல்ல ஆரம்பித்தார்கள் என்று இந்தக் கணக்கு காட்டவில்லை.

இரண்டு அணி விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன், அது எனக்கும் பிடிக்காது. ஆனால் 2014-க்கும் 2024-க்கும் நடுவில் முதலாளி அவரேதான், பணமும் அதேதான். என்ன குறைந்தது? மைதானம்.

2014-இல் மேனேஜர் மிகேல் ஒஹேடா, தானே இந்த அணியின் பழைய கேட்சர். பூஎப்லாவை நான்கு ஆட்டத்தில் நான்கும் தோற்கடித்துக் கோப்பை. அதோடு ஃபோரோ சோலை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று, ஏனென்றால் 2015-இல் ஃபார்முலா ஒன் திரும்ப வந்தது. கார்கள் ஓடும் பாதை இப்போது அந்த மைதானத்துக்குள்ளேயே போகிறது. டியாப்லோஸ் போய்ச் சேர்ந்தது ஃப்ராய் நானோ என்ற சின்ன மைதானம். ஆமாம், லீக்கைத் தொடங்கிய அதே பத்திரிகையாளர் பெயர். சுமார் 5,000 பேர்தான் உட்காரலாம். இரண்டு கோடி மக்கள் வாழும் பெருநகரத்தின் அணி நான்கு சீசன் அங்கே ஆடியது.

அப்புறம் 2019 மார்ச் 23, புதிய மைதானம். முதலாளி பெயரையே வைத்துவிட்டார்கள். 20,000 பேர் உட்காரலாம். மேற்கூரை வெள்ளை, பேயின் திரிசூலம் மாதிரி மடிப்பு. அடியில் எரிமலைக் கல்லில் பிரமிடு வடிவச் சுவர்கள். கட்டடக்கலைஞர் ஃப்ரான்சிஸ்கோ கொன்சாலெஸ் புலிதோ. திறப்புவிழாவுக்கு வந்த குடியரசுத் தலைவர் லோபெஸ் ஒப்ரதோர், அவரே பேஸ்பால் பைத்தியம், மைக்கைப் பிடித்ததும் கூட்டத்தில் ஒரு பகுதி ஊளையிட்டது. அவரும் விடவில்லை, மேட்டுக்குடி ரசிகர்கள் என்று அங்கேயே திருப்பிக் கொடுத்தார்.

#16 | பழைய ஸ்கோர்கார்டு

அந்த மைதானத்தின் உண்மையான குணம் தெரிந்தது 2023 ஏப்ரல் 29-இல். பாட்ரெஸ், ஜயன்ட்ஸ் இரண்டும் வந்து ஆடின. மெக்சிகோ நகரத்தில் எம்.எல்.பி.யின் முதல் வழக்கமான சீசன் ஆட்டம். 16-11 என்று பாட்ரெஸ் வென்றது. மொத்தம் 11 ஹோம் ரன்கள்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அமெரிக்காவில் உயரமான மைதானம் என்று புலம்பும் டென்வர் 1,600 தான். காற்று மெல்லியது, பந்து நிற்காமல் பறக்கும், வளைவுப் பந்து வளைய மறுக்கும். எனவே இந்த ஊர் அணியை எடைபோடும்போது பேட்டிங் எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து பாருங்கள், பிட்சர்களுக்குக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். பாவர் இங்கே 10-0 என்று முடித்ததை அப்படிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். வாஹாகாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார்.

#17 | ஹூஸ்டன் ஹரி

பாவரை எம்.எல்.பி. 194 ஆட்டம் இடைநீக்கம் செய்தது, பிறகு அங்கே எந்த அணியும் எடுக்கவில்லை. குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார், அது வேறு. பெரிய லீக்கில் ஆடிய ராபின்சன் கனோ ஊக்கமருந்துக்காக இரண்டு முறை மாட்டியவர், 2021 முழுவதும் ஆடவில்லை. 41 வயதில் இங்கே வந்து .431 அடித்து சராசரியில் முதலிடம். 2024-இல் டியாப்லோஸ் 71 வெற்றி, 19 தோல்வி என்று சீசனை முடித்து, இறுதியில் மான்டெரேவை 4-0 என்று துடைத்தார்கள்.

இவ்வளவு பெரிய பெயர்களைக் கூட்டி வந்தால் யார்தான் வெல்ல மாட்டார்கள்? இதில் பாஸ்கேலுக்கும் ஹார்ப் ஹெலூவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அங்கே கதவு சாத்தியிருந்தவர்களை இங்கே வாங்குகிறார்கள்.

#18 | பழைய ஸ்கோர்கார்டு

வித்தியாசம் பெரியது ஹரி. கிப்சனுக்கும் பெல்லுக்கும் கதவைச் சாத்தியது அவர்கள் தோல் நிறம். இந்த இரண்டு பேருக்கும் சாத்தியது அவர்கள் மேல் விழுந்த நடவடிக்கை. ஒரே வரியில் இரண்டையும் எழுதாதீர்கள்.

#19 | கான்கூன் மலர்

இதில் ஸ்கோர்கார்டு பக்கம்தான் நான். பணத்தைப் பற்றி மட்டும் ஹரி பக்கம். 2024 மார்ச்சில் யாங்கீஸே அந்த மைதானத்துக்கு வந்து காட்சி ஆட்டத்தில் டியாப்லோஸிடம் தோற்றுப் போனார்கள். அன்றைக்கு என் வீட்டில் தீக்ரெஸ் தொப்பி போட்ட ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நானும்தான். நல்ல அணி என்று சொல்லிவிட்டேன், இனி கேட்காதீர்கள்.

#20 | சுண்டல் பொட்டலம்

எல்லோருக்கும் நன்றி. நண்பரிடம் இந்த இழையையே அனுப்பிவிட்டேன், 1940-கள் பகுதியைப் படித்துவிட்டு இன்னும் பதில் போடவில்லை. வேலை விஷயமாக மெக்சிகோ நகரம் போகும் வாய்ப்பு வருகிறது. ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் எப்படிப் போவது, எங்கே உட்காருவது?

#21 | நர்வார்த்தேக்காரன்

சீசன் ஏப்ரலில் தொடங்கும், ஆகஸ்டு தொடக்கம் வரை வழக்கமான ஆட்டங்கள், அதற்குப் பிறகு இறுதிக்கட்டம். ஜூன், ஜூலை மாலைகளில் மழை கொட்டும், அதனால் கூரைக்கு அடியில் சீட்டு வாங்குங்கள். மெட்ரோ ஒன்பதாம் தடத்தில் வந்தால் நடக்கும் தூரம். தீக்ரெஸ் வரும் வாரமாகப் பார்த்து வாங்க முடிந்தால் அதுதான் ஆட்டம், மலர் சொன்னது அதில் சரி. மைதானத்தை ஒட்டி அணியின் அருங்காட்சியகம் இருக்கிறது, சீக்கிரம் போனால் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கு கொச்சினிதா டாக்கோ. அன்னாட்டோ விதையும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் போட்டு வேகவைத்த பன்றி இறைச்சி, மேலே ஊறவைத்த வெங்காயம். செகுரோ சோசியால் காலத்திலிருந்து இந்த அணியின் ஆட்டத்தோடு சேர்ந்தே வருவது. ஹபனேரோ மிளகாய்ச் சாறு கேட்டு வாங்குங்கள், ஆனால் முதல் இன்னிங்ஸிலேயே அதில் கை வைக்க வேண்டாம், ஒன்பது வரை உட்கார வேண்டியிருக்கும்.